ஆர்கஷோன் வீட்டின் உப்புச் சுவர்

பட்டறையில் புதிதாகச் சேர்ந்த இரண்டு தமிழ்ப் பிள்ளைகள் போன மாதம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டார்கள். "அன்ரி, நீங்கள் எப்பிடிச் சங்கத்துக்குள்ள வந்தனீங்கள்? எங்களுக்கு ஒருத்தரும் விளக்கமாச் சொல்லுகினம் இல்லை" என்றார்கள். நான் சொல்லத் தொடங்கி, நடுவில் குழம்பி, "பேந்து எடுக்கிறன் பிள்ளையள்" என்று வைத்துவிட்டேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்க எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. எழுதினால் வருமோ என்று பார்க்கிறேன்.

தெரியாதவர்களுக்காக என் வேலை என்னவென்று முதலில் சொல்ல வேண்டும். நான் சினிமாவுக்காகச் சுவர்களை அழுக்காக்கினேன். தச்சர்கள் பலகையில் வீட்டு முகப்புகளைச் செய்து நிறுத்துவார்கள். அவை நேற்று முளைத்தவை போல இருக்கும். அவற்றில் நூறு வருட மழையையும் புகையையும் கைத்தடங்களையும் பூசுவது எங்கள் பகுதியின் வேலை. மொன்றியலில் எடுக்கிற படங்களில் மொன்றியல் பெரும்பாலும் வேறு ஏதோ ஊராகத்தான் நிற்கும். அப்படி எத்தனையோ ஊர்களில் நான் வேலை செய்திருக்கிறேன். அந்த ஊர் ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை.

மன்னாரில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும் படித்தவள் நான். மொன்றியலுக்கு வந்து செயின்ட்-மிஷேல் பகுதியில் குடியேறிய பிறகு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பட்டறையில் கூட்டித் துடைக்கவும் வாளியும் தூரிகையும் கழுவவும் சேர்ந்தேன். வர்ணப் பகுதிக்குத் தலைவி ஜினெத். கடற்கரை ஊரான காஸ்பேயில் பிறந்தவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் நான் ஒரு கதவைத் துடைப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைப்பிடியைச் சுற்றியும், கால் இடிக்கிற கீழ்ப்பலகையையும் நான் முதலில் துடைத்தேன். "அழுக்கு எங்க இருக்குமெண்டு உமக்குத் தெரியுது" என்றார். அடுத்த நாள் தூரிகையைத் தந்தார். ஜினெத் பேசியது பிரெஞ்சு. என் நினைவில் அது எங்கள் பேச்சாகத்தான் பதிந்திருக்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன்.

மூன்று வருடம் பழகினேன். ஆனால் சினிமாத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினர் இல்லாதவர்களைக் கடைசியில்தான் வேலைக்குக் கூப்பிடுவார்கள். சில மாதம் கூப்பிடவே மாட்டார்கள். உறுப்பினராக வேண்டுமென்றால், ஒரு வேலையை யாருடைய உதவியும் இல்லாமல் முழுதாகச் செய்ததற்குப் பகுதித் தலைவரின் கடிதம் வேண்டும். ஜினெத் இலேசில் கடிதம் தருகிறவர் அல்ல. முடிந்த சுவருக்கு முன்னால் பத்தடி தள்ளி நின்று ஒரு அப்பிளை முழுதாகச் சாப்பிடுவார். ஒரு சொல் பேசமாட்டார். சாப்பிட்டு முடிந்ததும் பிரெஞ்சில் "போன்", அதாவது நல்லது, என்றால் சரி. ஒன்றும் சொல்லாமல் போனால் திரும்பச் செய்ய வேண்டும். எது பிழை என்று அவர் சொல்லமாட்டார், நாங்களே கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த வருடம் ஒரு படம் வந்தது. பிரான்சில் ஆர்கஷோன் என்ற கடற்கரை ஊருக்கு, நெஞ்சு நோய் வந்த ஒரு பெண்ணைத் தகப்பன் கூட்டிப்போகிற கதை. பழைய காலம். பட்டறைக்குள் ஒரு தெருவும் மூன்று வீட்டு முகப்புகளும் வேண்டும். ஜினெத் மேசையில் பழைய தபால் அட்டைகளைப் பரப்பினார். எல்லாம் கறுப்பு வெள்ளை. பக்கத்தில் இருந்த செட் வரைபடத்தின் மேல் "குளிர்கால நகரம்" என்று எழுதியிருந்தது.

"அப்ப எவ்வளவு பனி கொட்டவேணும்?" என்று கேட்டார் சிவம் அண்ணை. யாழ்ப்பாணத்துத் தச்சர், பக்கத்து நகரமான லவாலிலிருந்து வருகிறவர். மூன்று வீடுகளையும் நிறுத்தியவர் அவர்தான். எனக்கும் அதே எண்ணம்தான் இருந்தது. மொன்றியலில் இருக்கிற எங்களுக்குக் குளிர்காலம் என்றால் வேறு என்ன?

"பனியே இல்லை. அந்த ஊரில குளிர்காலம் இதமா இருக்குமாம், அதுக்குத்தான் போறவை" என்றார் ஜினெத்.

"குளிரில்லாத குளிர்கால நகரமோ? ஜெசி, உனக்கு ஏதும் விளங்குதோ?"

எனக்கு விளங்கவில்லை. அங்கே கோடை நகரம், இலையுதிர் நகரம், வசந்த நகரம் என்றும் இருக்கிறதாம், ஜினெத் சொன்னார். ஒரே ஊருக்குள் நாலு பருவத்துக்கும் நாலு பகுதிகள். நான் விளங்கியது போலத் தலையாட்டினேன்.

ஜினெத் மூன்றாவது வீட்டை என்னிடம் தந்தார். "இது உம்மட வீடு. ஒருத்தரும் கை வைக்கமாட்டினம். சரியா வந்தா கடிதம் தருவன். வராட்டி வாளி கழுவ உமக்குத் தெரியும்தானே."

எனக்கு அன்று பயம் வரவில்லை. கடற்கரை ஊர் என்று சொல்லிவிட்டார்களே. மன்னாரில் வளர்ந்தவளுக்குக் கடற்கரை வீட்டின் சுவர் எப்படி இருக்கும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பு காற்றில் வருவதைவிட நிலத்திலிருந்து ஏறுவதுதான் அதிகம். முழங்கால் உயரம் வரைக்கும் சாந்து பொருமும். பிறகு செதில் செதிலாகக் கழரும். கழர்ந்த இடத்தில் மாவு தூவினது போல வெள்ளை பூக்கும். திரும்பச் சாந்து பூசினாலும் அடுத்த வருடம் அதே உயரத்தில் அதே கோடு வரும்.

ஐந்து நாள் செய்தேன். முதலில் அடிப்பூச்சு. அது காய்ந்ததும், எங்கே கழர வேண்டுமோ அங்கே மட்டும் மெழுகைத் தடவினேன். அதன் மேல் மெல்லிய சாந்தும் வர்ணமும். காய்ந்த பிறகு தட்டையான கத்தியால் தட்டினால், மெழுகு உள்ள இடத்தில் மட்டும் மேல்தோல் பெயர்ந்துவரும். எவ்வளவு தட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கூடத் தட்டினால் யாரோ உடைத்தது போல இருக்கும். பெயர்ந்த ஓரங்களில் சோக்குத் தூளைப் பசைத்தண்ணீரில் கரைத்துப் பஞ்சால் ஒற்றினேன். கடைசியாகப் பழுப்பு நீரை மேலிருந்து வழியவிட்டு, பாதியில் துணியால் பிடித்தேன்.

இதற்கிடையில் புதன்கிழமை ஒரு முதியவர் வந்தார். மெசியே அர்மான். ஆர்கஷோனில் பிறந்து, இளம் வயதில் மொன்றியலுக்கு வந்து, இப்போது ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறவர். அட்டைகளில் வர்ணம் இல்லாததால், வர்ணத்தைச் சொல்ல அவரை மூன்று நாள் காலையில் கூட்டிவர ஏற்பாடு. டப்பா மூடிகளில் வர்ணத்தைத் தடவி அவர் முன்னால் பிடிக்கிற வேலை எனக்கு. மரச்சட்டங்களுக்குக் கருஞ்சிவப்பு என்றார். ஜினெத் எழுதிக்கொண்டார். ஒரு மணித்தியாலம் கழித்து, "இல்லை, பச்சை" என்றார். பிறகு, "சிவப்புத்தான், ஆனால் பச்சையும் இருந்தது" என்றார். ஜினெத் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூடிகளோடு நான் மட்டும் நின்றதால் அவர் என்னோடு பிரெஞ்சில் கதைத்தார்.

"மடாம், முதல்ல அங்க மீன்பிடிக்காரரும் பைன் மரத்தில பிசின் எடுக்கிற ஆக்களும்தான் இருந்தவை. கடலுக்குப் போறவை கும்பிடுற மாதா கோயில் ஒண்டு. பிறகு ரயில் வந்தது. கோடையில சனம் குளிக்க வரும். குளிர் காலத்தில ரயில் வெறுமையா ஓடும். ரயில்காரருக்கு அது கவலை. வைத்தியர்மார் பைன் காத்து நெஞ்சுக்கு நல்லம் எண்டு சொல்லிச்சினம். பிறகென்ன, மணல்மேட்டுக் காட்டுக்குள்ள குளிர்காலத்துக்கெண்டே ஒரு ஊரைக் கட்டிப்போட்டினம்."

தெருக்களை வேண்டுமென்றே வளைத்துப் போட்டார்களாம், காற்று நேரே ஓடி நோயாளிகளைத் தாக்காமல் இருக்க. வீடுகளுக்கு இலக்கத்தைவிடப் பெயர்தான் முக்கியம். பெண்களின் பெயர்கள், பூக்களின் பெயர்கள். மரத்தில் சரிகை போல வெட்டிய கூரை ஓரங்கள், உப்பரிகைகள். ஆனால் பல வீடுகளின் துண்டுகள் ஒரே அச்சில் செய்தவையாம். அவற்றை மாற்றி மாற்றிப் பூட்டி வேறு வேறு வீடாக்கினார்களாம்.

நான் இதைச் சிவம் அண்ணைக்குச் சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். "அப்ப அதுவும் செட்தானே! அவங்கள் செய்த பொய் வீட்டைப் பாத்து நாங்கள் பொய் வீடு செய்யிறம்."

"அங்க ஆக்கள் இருந்தவை அண்ணை."

"இஞ்சயும் நான் நிக்கிறன்தானே."

வெள்ளிக்கிழமை என் சுவர் முடிந்தது. ஜினெத் பத்தடி தள்ளி நின்று அப்பிளைச் சாப்பிட்டார். வழக்கத்தைவிட மெதுவாகச் சாப்பிட்டது போல இருந்தது. பிறகு கிட்ட வந்து, உடனே படம் வருகிற கமராவால் சுவரைப் படம் எடுத்தார். "போன்" என்றார். "எங்கட ஊரில படகு வைக்கிற கொட்டிலும் இப்பிடித்தான். இது கடலைப் பாத்த கை. கடிதம் எழுதுறன்."

சிவம் அண்ணை தூரத்திலிருந்து, "ஜெசி, மிச்ச உப்பிருந்தா தா, மத்தியானச் சாப்பாட்டுக்குக் காணாது" என்று கத்தினார்.

கொஞ்ச நேரத்தில் மெசியே அர்மான் வந்தார். அது அவருடைய இரண்டாவது நாள். என் சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "மடாம், இந்த வீட்டுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார்.

கடல் உப்பு என்றேன்.

"கடல் கீழ. அது கோடை நகரம். அங்க குளிக்கிறவை, சிப்பி விக்கிறவை, பாண்டு வாத்தியம். மேல குளிர்கால நகரத்தில இருமுற ஆக்கள். கீழ உள்ளவைக்கு மேல உள்ளவையைப் பாக்க விருப்பமில்லை. ரெண்டுக்கும் ஒரே ஸ்டேசன், ஆனால் வேற வேற ஊர். மேல மணல், தண்ணி நிக்காது. கடல் காத்தை மரங்கள் மறிச்சுப்போடும். உப்பு எப்பிடி வரும்?" சுவரின் பெயர்ந்த ஓரத்தை விரலால் தொட்டார். "சுகம் தேடி வாற ஆக்களுக்கு இப்பிடித் தோல் உரிஞ்ச வீட்டை ஆராவது வாடகைக்குக் குடுப்பினமா?"

அவருடைய தாய் அப்படி ஒரு வீட்டில் துப்புரவு வேலை செய்தவராம். தூசி நெஞ்சுக்கு ஆகாது என்பதால் வீட்டுக்குள் துடைப்பமே எடுக்கக்கூடாது, எல்லாம் ஈரத்துணிதான். நோயாளிகள் இருக்கிற மாதங்களில் மகனுக்கு நோய் தொற்றிவிடும் என்று பயந்து, கீழே சகோதரி வீட்டில் விட்டிருந்தாராம். வசந்தத்தில் நோயாளிகள் போன பிறகுதான் பிள்ளை மேலே வரலாம். அந்த நேரம் பைன் மகரந்தம் மஞ்சள் தூளாகக் கொட்டி எல்லாச் சன்னல் விளிம்பையும் மூடுமாம். "அம்மா துடைப்பா. திரும்பிப் பாக்க முதல் திரும்ப மஞ்சள். எனக்கு அந்த வீடெண்டால் அந்த மஞ்சள்தான்."

எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. சிவப்பு என்று சொல்லிப் பச்சை என்ற மனிதர் இவர். ஆனால் மணலில் தண்ணீர் நிற்காது என்பது பொய்யாகத் தெரியவில்லை. தபால் அட்டையை எடுத்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கறுத்த பட்டை இருந்தது. அதைத்தான் நான் உப்புக்கோடு என்று நினைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அது ஒரே சீராக, கல் அடுக்கின வரிசை போல இருந்தது. ஒருவேளை நிழலாகவும் இருக்கலாம். மன்னார்க்காரி நான், காஸ்பேக்காரி ஜினெத். இரண்டு பேரும் கடலைப் பார்த்து வளர்ந்தவர்கள், இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். அதனாலேயே இரண்டு பேருக்கும் பிழைத்திருக்குமோ?

பின்னேரம் ஜினெத்தின் மேசைக்குப் போனேன். "ஜினெத்..." என்றேன். அவர் நிமிர்ந்து, "என்ன?" என்றார். மேசையில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. என் கடிதமாகத்தான் இருக்கும் என்று பட்டது. "ஒண்டுமில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

படப்பிடிப்பு திங்கட்கிழமை. சனிக்கிழமை அரைநாள் வேலை. மத்தியானம் எல்லோரும் போனபிறகு நான் ஒரு வாளி தண்ணீரோடு சுவருக்கு முன்னால் நின்றேன். இதை அழித்தால் கடிதம் போகும். அழிக்காவிட்டால் அந்தக் கிழவர் திங்கட்கிழமையும் வந்து இதைப் பார்ப்பார். இரண்டில் எது பெரிது என்று நான் நிதானமாக யோசித்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பொய். கத்தியை எடுத்துச் சுரண்டத் தொடங்கிவிட்டேன். தொடங்கின பிறகு நிறுத்த முடியாது, அவ்வளவுதான்.

பாதியில் சிவம் அண்ணை மறந்துபோன மட்டப்பலகையை எடுக்க வந்தார். "ஜெசி! உனக்கு விசரோ?"

"அங்க உப்பு இல்லையாம் அண்ணை."

"ஆர் சொன்னது?"

"அர்மான் ஐயா."

"ஒருக்காச் சிவப்பு, ஒருக்காப் பச்சை. அந்த மனிசனோ? எடியே, அவருக்குத் தன்ர சப்பாத்து எந்தக் கால் எண்டு தெரியாது."

"தெரியும் அண்ணை. எண்டாலும்..."

"கடிதம்?"

நான் தொடர்ந்து சுரண்டினேன். அவர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "திங்கட்கிழமை உன்னை ஆரெண்டே எனக்குத் தெரியாது, சரியோ?" என்றார். பிறகு கறுத்த தண்ணீர் வாளியைத் தூக்கிக்கொண்டுபோய் ஊற்றிவிட்டு, நல்ல தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

அடிப்பகுதியைக் கல் வரிசையாக்கினேன். மேலே ஒரே சீரான வெளிர்ப் பூச்சு. கடைசியாக, பழைய நைலோன் காலுறைக்குள் மஞ்சள் காவித் தூளைப் போட்டுச் சன்னல் விளிம்புகளின் மேல் தட்டினேன். தூள் மென்மையாக இறங்கியது. அதை ஒட்டவைக்கிற திரவத்தைத் திங்கள் காலையில் தெளிக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

திங்கள் காலை ஜினெத் எனக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பத்தடி தள்ளி நின்றார். கையில் அப்பிள் இல்லை.

"சுவர் எங்க?"

நான் தெளிக்கக் கொண்டுவந்த திரவத்தைக் கீழே வைத்தேன்.

"ஆர் சொல்லிச் செய்தனீர்?"

முதியவரின் பெயரைச் சொன்னால், அவரை இனிக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். "நான்தான்" என்றேன்.

"அந்த மஞ்சள் என்ன?"

"பைன் மரத்து மகரந்தம்."

"படத்தில இது தை மாதம், ஜெசி. மகரந்தம் சித்திரையில. கதையை வாசிச்சனீரோ?"

நான் வாசித்திருக்கவில்லை. உப்பு பிழை என்று அழித்துவிட்டு அதைவிடப் பெரிய பிழை ஒன்றைச் செய்திருக்கிறேன். அந்த நேரம் மெசியே அர்மானைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அவர் எங்களைக் கவனிக்கவில்லை. நேரே சன்னலுக்குப் போனார். விளிம்பில் விரலை வைத்துப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, பக்கத்திலிருந்த என் வாளியில் நனைத்துப் பிழிந்து, துடைக்கத் தொடங்கினார். ஒரு ஓரத்திலிருந்து மற்ற ஓரம் வரைக்கும் ஒரே இழுப்பு. கைக்குட்டையை மடித்து, சுத்தமான பக்கத்தால் இரண்டாவது இழுப்பு. அப்படித்தான் துடைக்க வேண்டும், நான் எத்தனை வருடம் துடைத்தவள், எனக்குத் தெரியும். ஒட்டாத தூள் என்பதால் முழுதும் வந்துவிட்டது.

"ஐயா, அதை விடுங்கோ" என்று யாரோ சொல்ல வந்தபோது ஜினெத் கையைக் காட்டி நிறுத்தினார்.

முதியவர் மூன்று சன்னலையும் துடைத்து முடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இனி அவை வரலாம், மடாம்" என்றார். நோயாளிகளைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

அன்று அந்தச் சுவர் அப்படியே படம் பிடிக்கப்பட்டது. கல் வரிசையும் வெளிர்ப் பூச்சும் துடைத்த சன்னலும். ஒரு கறைகூட இல்லை. ஜினெத் "போன்" என்றும் சொல்லவில்லை, திரும்பச் செய்யவும் சொல்லவில்லை. அந்தக் கிழமை முழுவதும் நான் வாளி கழுவினேன்.

வெள்ளிக்கிழமை ஒரு உறையைத் தந்தார். பேருந்தில் திறந்து பார்த்தேன். "கடல் உப்பு அரித்த சுவர் ஒன்றை இவர் தனியாகச் செய்தார், நான் பார்த்தவற்றில் மிகச் சிறந்தது" என்று எழுதியிருந்தது. கூடவே அன்று கமராவில் எடுத்த உப்புச் சுவரின் படம். நான் அடுத்த தரிப்பில் இறங்கிப் பட்டறைக்குத் திரும்பி நடந்தேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஜினெத்திடம் நானாகக் கேள்வி கேட்டேன்.

"இந்தச் சுவர் இப்ப இல்லையே?"

"இல்லைத்தான்."

"அப்ப மற்றச் சுவரைப் பற்றி எழுதியிருக்கலாமே?"

"அதில என்ன இருக்கு எழுத? சுத்தமான சுவர். சங்கத்தில இருக்கிறவை அதைப் பாத்து என்ன கண்டுபிடிப்பினம்?" பிறகு கொஞ்சம் கோபமாக, "என்னட்டக் கேக்காமல் அழிச்சது பிழை. அதையும் எழுதட்டோ?" என்றார். அவர் சிரித்தாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

சங்கத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கடிதத்தை வாசித்தார். மற்றவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "அருமை" என்றார். "இது படத்தில் எந்தக் காட்சியில் வருகிறது?"

ஏதோ ஒரு காட்சியைச் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திராது. வேலையில்லாத மாதங்கள் எல்லாம் கண் முன்னால் வந்தன. என் உடைந்த பிரெஞ்சில், "வராது" என்றேன். "நான் அதைக் கழுவிவிட்டேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "ஏன்?"

"அந்த ஊரில் சுவர்கள் சுத்தமாக இருந்தனவாம்."

"யார் சொன்னது?"

"அங்கே துடைத்த ஒரு அம்மாவின் மகன்."

படத்தை வைத்திருந்தவர் அதைத் திரும்ப ஒரு தடவை பார்த்தார். பிறகு பேனையை எடுத்து, என் விண்ணப்பத்தின் ஓரத்தில் இரண்டு வரி எழுதினார். தலைகீழாக இருந்ததால் என்னால் வாசிக்க முடியவில்லை. "போகலாம், மடாம்" என்றார்.

உறுப்பினர் அட்டை ஒரு மாதத்தின் பின் தபாலில் வந்தது. அவர் என்ன எழுதினார் என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. பிள்ளைகளே, நான் உள்ளே வந்தது இப்படித்தான். என்னை எதற்காக எடுத்தார்கள் என்று நீங்கள் கேட்டால், அது எனக்கு இன்றைக்கும் தெரியாது.